வேறு வீட்டில் கடித்த ரொட்டி

நம்பாவிட்டால் போங்கள். போலீஸ்காரரே நம்பவில்லை, நீங்கள் நம்பி எனக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது. என் பெயர் ஓய்தின். சமர்கண்டில் தையல் வேலை செய்கிறேன். கண்டதைக் கற்பனை செய்துகொண்டு உட்கார எனக்கு நேரமும் கிடையாது, புத்தியும் கிடையாது.

என் புருஷன் எர்காஷ் லாரி ஓட்ட நோவோசிபிர்ஸ்க் போகவிருந்தார். மூன்று வருஷ ஒப்பந்தம். கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு ராத்திரியாவது பிள்ளைகள், நாத்தனார், அக்கம்பக்கத்துக் கூச்சல் எதுவும் இல்லாமல் நாங்கள் இருவரும் தனியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நூரோத்தா மலையடிவாரத்தில் ஒரு பழைய வியாபாரியின் வீட்டைப் புதுப்பித்து விடுதி ஆக்கியிருந்தார்கள். செதுக்கிய மரத்தூண்கள், வண்ணம் தீட்டிய கூரை... படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. வேண்டாம் வேண்டாம் என்றவரைப் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

போன நேரமே சரியில்லை. நவம்பர் தூறல். முழங்கால் வரை சேறு. மின்சாரம் இல்லை. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஹோஷிம் எங்களை உள்ளே விட்டுவிட்டு, "புலாவ் எங்க வீட்டு அடுப்புல இருக்குக்கா, இதோ எடுத்துட்டு ஓடியாந்துடறேன்" என்று காரில் கீழ் ஊருக்குப் போனான். அப்போது மணி ஐந்தரை. ஆறே முக்கால் ஆகியும் ஆளைக் காணோம். போனிலும் சிக்னல் இல்லை. அந்தப் பெரிய வீட்டில் எங்கள் இருவரையும் ஒரு மெழுகுவத்தியையும் தவிர வேறு யாரும் இல்லை.

"இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா? நான் பட்டினியில செத்தா லாரியை நீயா ஓட்டுவே?" என்றார்.

"ஒரு மணி நேரம் பொறுக்க முடியலையா? அது வயிறா, டீசல் டேங்கா?"

எழுந்து உலாத்தினார். அடுத்த அறைக் கதவுக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு ரொட்டி மாட்டியிருந்தது. வட்டமாக, நடுவில் பூ முத்திரை குத்தியது. நாங்கள் வந்தபோது அது அங்கே இருந்ததா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

"அட, சூடா இருக்குடி!" என்று எடுத்து ஒரு கடி கடித்தார். முகத்தைச் சுளித்தார். "உப்பே இல்ல."

கடித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ரொட்டியைத் தரையில் வைக்க எங்களில் யாருக்கும் மனம் வராது. மேசையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. விரிப்பும் இல்லை. அதனால் மரியாதையாக, எடுத்த ஆணியிலேயே திருப்பி மாட்டிவிட்டார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தூரதேசம் கிளம்புகிறவன் தன் வீட்டில் ஒரு ரொட்டியை ஒரே ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தைச் சுவரில் மாட்டி வைப்போம். அதைத் தின்று முடிக்க அவன் அந்த வீட்டுக்கே திரும்பி வருவான். அவர் கடிக்க வேண்டிய ரொட்டிக்கு நான் வீட்டில் மாவு சலித்து வைத்திருந்தேன்.

"என்ன காரியம் பண்ணீங்க! எடுங்க அதை. முழுசாத் தின்னு முடிங்க."

"சாங்கியம் பேசாதே. விடுதியில கடிச்சதெல்லாம் கணக்குல வராது."

"எடுங்கன்னா எடுங்க!"

"பல்லு வலிக்குது, விடுடி. திரும்பி வந்து தின்னுக்கிறேன், போதுமா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கிளம்புகிறவன் ரொட்டியைக் கடித்துவிட்டுச் சொல்ல வேண்டிய வார்த்தையும் அதுவேதான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அப்போது மெழுகுவத்தி அணைந்தது. காற்றே இல்லை.

அவர் போனில் வெளிச்சம் போடத் தடவிக்கொண்டிருந்தார். நான் காத்திருக்கவில்லை. நானே எடுத்து, துண்டு துண்டாகப் பிய்த்தாவது அவர் வாயில் திணிப்பது என்று கதவை நோக்கி நடந்தேன். கையை உயர்த்தினேன். ரொட்டி விரலில் பட்டது.

என் கைமேல் இன்னொரு கை பட்டது.

சுருக்கம் விழுந்த கை. வெதுவெதுப்பாக இருந்தது. விரலிடுக்கில் காய்ந்த மாவு.

"கையை எடுங்க" என்றேன், அவர்தான் என்று நினைத்து.

"நான் இங்க இருக்கேன்" என்றார் அவர். அறையின் அந்தக் கோடியிலிருந்து...

அந்தக் கை என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. மெதுவாக. கோபமே இல்லாமல். குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குவது போல.



அடுத்த அறையில் மெத்தை உதறும் சத்தம். தப்... தப்... தப்...

பிறகு தேநீர்க் கிண்ணங்கள் வைக்கும் சத்தம்.

ஒன்று.

இரண்டு.

அதோடு நின்றது. மூன்றாவது இல்லை. எனக்கு இல்லை.

வெளியே ஹோஷிமின் கார் ஹாரன் கேட்டது. அந்த நொடியே மின்சாரமும் வந்தது. கதவுக்கு மேலே பார்த்தேன். ரொட்டி இல்லை. ஆணியும் இல்லை. வெள்ளைச் சுவரில் ஓர் ஓட்டைகூட இல்லை.

"வண்டி சேத்துல மாட்டிக்கிச்சுக்கா, மன்னிச்சுக்குங்க" என்று வந்தவனிடம் ரொட்டியைப் பற்றிக் கேட்டேன். தட்டை வைத்துவிட்டுக் கதவுக்கு மேலே பார்த்தான்.

"நான் எதுவும் மாட்டலையே... புதுச் சுவர்ல ஆணியே அடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கக்கா." பிறகு எர்காஷைப் பார்த்து, "கடிச்சீங்களாண்ணே?" என்றான்.

"ஒரு கடிதான்டா. உப்பில்லாத ரொட்டி. போய் புலாவைப் போடு."

அவன் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு திட்டினேன், எவ்வளவு கெஞ்சினேன்! கல்லு மாதிரி நின்றான்.

வீட்டுக்கு வந்து நான் ரொட்டி சுட்டேன். எர்காஷ் சிரித்துக்கொண்டே கடித்தார். சமையலறைச் சுவரில் மாட்டினேன். அவர் போய் ஒரு மாதத்தில் அது தானாக உடைந்து விழுந்தது. துண்டுகளைத் துணியில் முடிந்து மறுபடி மாட்டினேன். வேறென்ன செய்ய முடியும் என்னால்?

மூன்று வருஷமும் தவறாமல் பேசினார். ஒப்பந்தம் முடிந்து இந்த மார்ச்சில் ஊருக்குக் கிளம்பினார். தாஷ்கண்ட் வந்து இறங்கியதும் போன் செய்தார். "சூப்பு வெச்சு வை, ராத்திரிக்குள்ள வந்துடுவேன்." எங்கள் தெருத் தோலிப்பும் அவரும் ஒரே வாடகைக் காரில் ஏறினார்கள்.

தோலிப் மட்டும் வந்தான்.

"ஜிசாக் தாண்டி நூரோத்தா மலைப்பக்கம் பிரியற பாதையில நிறுத்தச் சொன்னாருக்கா. 'வீடு வந்துடுச்சு, இறக்கி விடு'ன்னாரு. தூக்கக் கலக்கம்னு நினைச்சு, உங்க வீடு சமர்கண்டுல இருக்கு அண்ணேன்னு சொன்னேன். 'அம்மா காத்துக்கிட்டிருப்பா'ன்னு பையை எடுத்துக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாரு."

எர்காஷின் அம்மா அவருடைய நாலாவது வயதிலேயே இறந்துவிட்டார்.

போலீஸில் சொன்னேன். "வேற பொம்பளை இருக்காளான்னு பாரும்மா" என்று சிரித்தார் அதிகாரி. அந்த விடுதிக்கு ஓடினேன். குளிர்காலத்துக்குப் பூட்டிய பூட்டு அப்படியே துருப்பிடித்துத் தொங்கியது. ஹோஷிமைத் திறக்கச் சொல்லி எல்லா அறையும் பார்த்தோம். யாரும் இல்லை. அன்றைக்குத்தான் அவன் வாயைத் திறந்தான். அந்த வீட்டில் கடைசியாக வாழ்ந்தவள் ஒரு தாய். ஒரே மகன் போருக்குப் போய்த் திரும்பவில்லை. அவன் கடித்து வைத்த ரொட்டியை எலி தின்றுவிட்டதாம். அதற்குப் பிறகு சாகும்வரை புதுசு புதுசாகச் சுட்டு மாட்டி, வீட்டுக்கு வருகிற ஆண்பிள்ளைகளை எல்லாம் ஒரு கடி கடிக்கச் சொல்லிக் கெஞ்சுவாளாம். ஒருவனும் கடித்ததில்லையாம்.

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!"

"சொன்னா யாருக்கா தங்க வருவாங்க?"

அவனை அறைந்தேன். அறைந்து என்ன?

அந்தச் சுவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் உன் மகன் இல்லை, என் புருஷன், என் பிள்ளைகளுக்கு அப்பா, அனுப்பிவிடு என்று தொண்டை கிழியக் கத்தினேன். சுவர் சும்மா இருந்தது.

போன வாரம் ஹோஷிம் போன் செய்தான். விடுதியை மறுபடி திறந்துவிட்டார்களாம். தங்க வந்தவர்கள் காலையில் சண்டை பிடித்தார்களாம். பக்கத்து அறையில் ஒரு தாயும் மகனும் விடிய விடியப் பேசித் தூங்கவிடவில்லையாம்.

"அந்த அறையில யாரு?"

"யாரும் இல்லக்கா. பூட்டித்தான் கிடக்கு."

"என்ன பேசுனாங்களாம்?"



"அவரு... வீட்டுக்குப் போகணும், ஓய்தின் தேடுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். அந்தம்மா, சாப்பிட்டு முடிச்சுட்டுப் போடா கண்ணுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சாம்."