நிலாவரைக் கிடங்கில் ஓவிய வகுப்பு

போன மாதம் எங்கள் அடுக்ககத்து மாலதி என்னை ஓர் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சென்னையில் இப்போது இப்படியெல்லாம் வந்துவிட்டது. ஏசி போட்ட கூடம், ஆளுக்கொரு ஏப்ரன், நடுவில் காப்பியும் கேக்கும். இரண்டு மணி நேரத்தில் ஒரு படம் வரைந்து கையோடு வீட்டுக்குக் கொண்டு போகலாம். எல்லோருக்கும் ஒரே படம்தான்: நிலா, கீழே ஒரு தென்னை மரம். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என் பின்னால் வந்து நின்று, "ஆன்ட்டி, செம நீட்டா இருக்கு" என்றாள்.

பாராட்டாகத்தான் சொன்னாள், பாவம். என் முகம் விழுந்துவிட்டது. "என்னாச்சு, ஏசி ஒத்துக்கலையா?" என்று மாலதி கேட்டாள். ஆமாம் என்றேன். நான் பொய் சொல்லும் முறையே இதுதான். கேட்கிறவர்களே பொய்யைத் தயாராக எடுத்துக் கொடுப்பார்கள், நான் தலையாட்டினால் போதும்.

அந்தக் கூடத்தில் இன்னொரு குறையும் இருந்தது. வாசனையே இல்லை. இப்போதைய வர்ணங்களுக்கு வாசனை கிடையாதாம். நான் ஓவியம் படித்த இடத்தில் டர்பன்டைன் நெடியும், மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த நிலாவரை இலையின் காய்ந்த வாடையும் சேர்ந்து அடிக்கும். நிலாவரை என்றால் தெரியும் அல்லவா, வயிற்றைச் சுத்தம் செய்யும் இலை. தூத்துக்குடியிலிருந்து அது கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு தெருவில் கீழே இலைக் கிடங்கு, மேலே ஒரு நீளமான அறை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை அங்கே ஓவிய வகுப்பு நடந்தது. "ஊர்ல அவனவன் இந்த எலையைத் தின்னு வயித்தைச் சுத்தம் பண்ணுதான். நாம அதுமேல உக்காந்து கலை வளக்கோம்" என்பார் சுங்க அலுவலகத்தில் பியூனாக இருந்த ஓர் அண்ணாச்சி. அவர் கப்பலைத் தவிர வேறெதுவும் வரைய மாட்டார். வாழைப்பழத்தை வைத்து வரையச் சொன்னாலும் அதன் மேல் ஒரு புகைபோக்கி முளைத்துவிடும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. நாங்கள் ஆழ்வார்திருநகரிக்காரர்கள். அப்பா தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் ஆங்கில வாத்தியாராக இருந்ததால் குடும்பமே அங்கே வந்துவிட்டது. புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கொட்ட லாரி லாரியாகக் கல் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒவ்வொரு லாரி போகும்போதும் அந்த மாடி அறை லேசாக ஆடும். கோடு வளைந்துவிட்டால் லாரி மேல் பழி போட்டுக்கொள்ளலாம். நான் தாராளமாகப் போட்டிருக்கிறேன்.

அங்கேதான் ரெஜினா எனக்குச் சிநேகிதியானாள். என் வயதுதான். கான்வென்டில் தையல் படித்துக்கொண்டிருந்தாள். பூஜைப் பீடத்துத் துணிகளுக்குப் பூவேலை செய்து செய்து பூக்கள் மேலேயே அவளுக்கு ஒரு வெறுப்பு வந்துவிட்டது. "பூவைக் கண்டாலே வாந்தி வருதுளா" என்பாள். அவளுடைய அப்பா தோணியில் தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பாய்த்தோணிக்குக் கேப்டன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு ஞாயிறு, வகுப்பு நடத்திய டிராயிங் சார் எங்களை உப்பளத்துக்குக் கூட்டிப்போய் உப்புக்குவியலை வரையச் சொன்னார். நாங்கள் எல்லோரும் புத்திசாலித்தனமாகக் குவியல் இருக்கும் இடத்தில் காகிதத்தை வெள்ளையாக விட்டுவிட்டு, சுற்றிலும் வானத்தையும் மண்ணையும் போட்டோம். வர்ணம் மிச்சம். ரெஜினா மட்டும் குவியலில் நீலம், ஊதா, கொஞ்சம் மஞ்சள் என்று அப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, உப்பு வெள்ளைதானே?" என்றேன்.

"ஏளா, நல்லா உத்துப் பாரு. எங்கன வெள்ளையா இருக்கு?"

பார்த்தேன். மூன்று மணி வெயிலில் அந்தக் குவியலின் ஒரு பக்கம் ஊதாவாகத்தான் இருந்தது. அவள் சொல்லும்வரை எனக்கு அது தெரியவில்லை. சொன்ன பிறகு தெரிந்ததே, அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. ஒன்றும் தெரியாமலே இருந்திருந்தால் பொறாமைப்பட்டிருக்க மாட்டேன்.

பாளையங்கோட்டையில் ஓவிய நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு பழைய வீட்டைக் கலைக்கூடமாக வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து வரையலாம். மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மாள் அங்கே வந்திருக்கிறார் என்று சார் எங்களைப் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனார். வீடு முழுக்கச் சுவரெல்லாம் கரிக்கோடு, தரையெல்லாம் வர்ணச் சொட்டு. தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்த அந்த அம்மாள் எங்கள் படங்களைத் தரையில் பரப்பி, நடந்து நடந்து பார்த்தார். என் படத்தின் முன்னால் நின்று, "சுத்தமா இருக்கு" என்றார். அவ்வளவுதான். அடுத்தது ரெஜினாவின் உப்பு. அங்கே அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதை யார் போட்டது?"

ரெஜினா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான்தான் அவள் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டேன். என் கணக்கில் ஒரு நல்ல காரியம் இருக்கட்டும் என்று இதைச் சொல்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. சுத்தமா இருக்கு, சுத்தமா இருக்கு என்று வல்லநாடு தாண்டும்வரை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் தேய்த்தவளிடம் சொல்லும் வார்த்தை!

அந்த அம்மாள் ஊருக்குப் போய் விண்ணப்பப் படிவம் அனுப்பிவைத்தார். சார் ரெஜினாவின் படங்களைக் கட்டி அனுப்பினார். இரண்டு மாதத்தில் நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லி மெட்ராஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ரெஜினாவின் அப்பா, பெண்பிள்ளை தனியாக மெட்ராஸ் போவதாவது என்று முதலில் குதித்தார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். அவருடைய மூத்த பையன்கள் இருவருக்கும் என் அப்பாதான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அந்த மரியாதை அப்பா மேல் அவருக்கு உண்டு.

ஞாயிறு வகுப்பு முடிந்ததும் ரெஜினா என்னைப் படிக்கட்டில் நிறுத்தினாள்.

"அப்பா என்ன சொல்லுதாவ தெரியுமா? 'வாத்தியாரய்யா ஒரு வார்த்தை வந்து சொல்லட்டும், நான் அனுப்புதேன்'ங்காவ. ஒங்க அப்பாவைக் கூட்டிட்டு வாறியா? செவ்வாய்க்கெழமை சாயங்காலம் அப்பா வீட்ல இருப்பாவ. புதன் விடியக்காலம் தோணி எடுத்துருவாவ. அப்புறம் கொழும்பு போயித் திரும்பி வர ஒரு மாசமாயிரும். அதுக்குள்ள தேதி போயிரும்."

"இது ஒரு விஷயமா? கட்டாயம் கூட்டிண்டு வரேன்" என்றேன்.

திங்கட்கிழமை அப்பாவிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலு மணிக்கே வீட்டுக்கு வந்து, தலைவலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். பத்தடி தள்ளி அப்பா சாய்வு நாற்காலியில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். தாள் புரளும் சத்தம் எனக்குக் கேட்டது. "அப்பா, ரெஜினா வீடுவரைக்கும் போயிட்டு வரலாமா" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். படிப்பு என்றால் அவருக்கு அவ்வளவு ஆசை. அது தெரிந்துதான் வாயைத் திறக்காமல் படுத்திருந்தேன். ஒரு வருஷம்தானே, அடுத்த வருஷம் போகட்டுமே என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். ஆறு மணியாயிற்று, ஏழு மணியாயிற்று. அம்மா விளக்கேற்றினாள். அப்புறம் உண்மையாகவே தலை வலித்தது.

வியாழக்கிழமை ரெஜினா எங்கள் வீட்டுக்கு வந்தாள். சண்டை போட வருகிறாள் என்று நினைத்து மறுபடியும் போர்வைக்குள் போய்விட்டேன். அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"நீ வரலேன்ன ஒடனேயே உனக்கு மேலுக்குச் சொகமில்லன்னு தெரிஞ்சுபோச்சு. காய்ச்சலா?"

"ஆமா."

"எட்டு மணி வரைக்கும் வாசல்லயே நின்னேன். சரி போட்டும், விடு. பேக்கரி பிஸ்கட்டு ஒங்க வீட்ல சேராதேன்னு சாத்துக்குடி வாங்கிட்டு வந்தேன். பிழிஞ்சு குடி."

அவளுடைய கண் இமை வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள். அம்மா அவளுக்குக் காப்பி கொடுத்தாள், வெளியார் வந்தால் கொடுப்பதற்கென்று தனியாக வைத்திருந்த கண்ணாடி டம்ளரில். அவள் அதைக் குடித்து, தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். நான் சாத்துக்குடிச் சாற்றைக் குடித்தேன். வேறென்ன செய்ய? அம்மா பக்கத்தில் நின்று குடிக்க வைத்தாள்.

அடுத்த வருஷம் என்று ஒன்று வரவில்லை. தை மாதத்தில் ரெஜினாவுக்கு மணப்பாட்டில் கல்யாணமாகிவிட்டது. நான் ஓர் எவர்சில்வர் அடுக்கு வாங்கிக்கொண்டு போனேன். ஒரு வர்ணப் பெட்டி வாங்கிக்கொண்டு போகத் தோன்றவில்லை. தோன்றியது என்றே சொல்லிவிடுகிறேன். கடை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். அதைக் கொடுத்தால் அவளுக்கு எல்லாம் புரிந்துவிடும் என்று ஒரு பயம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாப்பாட்டு நேரத்தில் அப்பா கேட்டார். "அந்தப் பொண்ணு ஏன் மெட்ராஸ் போகலை? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போய் அவ அப்பாகிட்டப் பேசியிருப்பேனே." நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். வகுப்புக்குப் போவதையும் விட்டுவிட்டேன். டிராயிங் சாருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. எங்கள் படங்களை எல்லாம் பூட்டி வைத்திருந்த மர அலமாரியைக் கரையான் அரித்துவிட்டதாகக் கேள்வி. நான் கல்யாணமாகி, சென்னைக்கு வந்து, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போனபோது, கிடங்கு இருந்த தெருவைத் தேடினேன். அந்த இடத்தில் இரண்டு மாடியில் ஒரு ஜவுளிக்கடை. கண்ணாடிக் கதவைத் திறந்து நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். "என்ன பாக்கணும்மா, சேலையா சுடிதாரா?" என்றாள் கடைப்பெண்.

மறுநாள் மணப்பாடு போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது ரெஜினாவின் மகன் வாசலுக்கு வந்தான். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். நாற்பது வயது இருக்கும். "அம்மா தவறி ரெண்டு வருஷம் ஆச்சே" என்றான். கூடத்தில் அவள் படம் மாட்டியிருந்தது. ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ. நரைத்துப்போயிருந்தாள்.

நான் யாரென்று சொன்னேன். அவளோடு ஓவியம் படித்தவள்.

"எங்கம்மாவா? படமா?" அவன் சிரித்துவிட்டான். "கிறிஸ்மஸுக்கு ஸ்டாருகூட நாங்கதான் கட்டுவோம். அம்மா பென்சிலத் தொட்டு நான் பாத்ததே இல்லயே ஆன்ட்டி."

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உப்பளம், பாளையங்கோட்டை, தரையில் உட்கார்ந்துவிட்ட அந்த அம்மாள், வந்த கடிதம். செவ்வாய்க்கிழமையையும் சொன்னேன். சொல்லாமல் எழுந்துவிடத்தான் பார்த்தேன், முடியவில்லை. அழுதும் விட்டேன். அவன் மனைவி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அவன் அதை வாங்கி என் கையில் கொடுத்தான். பிறகு, "இதுக்குப் போயி அழுவாகளா? அம்மா மெட்ராஸுக்குப் போயிருந்தா நானேது, என் தங்கச்சியேது? விடுங்க ஆன்ட்டி" என்றான். சமாதானமாகத்தான் சொன்னான்.

பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்தான். நான் ஏறப்போகும்போதுதான் கேட்டான்.

"நெசமாவே அம்மா நல்லாப் போடுவாங்களா?"

"என்னைவிட நல்லாப் போடுவா" என்றேன்.

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அதைக் கேட்க வேண்டியவள்தான் இல்லை.