எல் போர்டு வேட்பாளர்

புள்ளியியல் பேராசிரியை சட்டமன்றத் தேர்தலில் நிற்கப்போகிறார் என்ற செய்தி அந்தத் தனியார் கல்லூரிக்குள் வந்தபோது, மாணவர்கள் அதையும் ஏதோ கணக்கு என்றுதான் நினைத்தார்கள். "ஒரு தொகுதியில் நாலு பேர் போட்டியிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்" என்று தொடங்கும் கணக்குகளைக் காலங்காலமாகக் கரும்பலகையில் போட்டுவந்தவர் அவர். எதற்கெடுத்தாலும் சராசரி பார்ப்பார் என்பதால் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'சராசரி மேடம்'. அது அவருக்கும் தெரியும். கோபப்பட்டதில்லை.

எல்லாம் ஒரு பஸ்ஸால் வந்த வினை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலையில் வந்துகொண்டிருந்த ஒரே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அவருடைய வகுப்பில் பின்வரிசை பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பொறுக்காமல் தொகுதி உறுப்பினரைப் பார்க்கப் போனார். உறுப்பினர் பெரிய மரக்கடைக்காரர். தொடர்ந்து ஜெயித்து வருபவர். மரியாதையாக உட்காரவைத்து, டீ வரவழைத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பேசறது சுலபம் மேடம். ஒரு தடவை நீங்களே நின்னு பாருங்க, அப்பத் தெரியும்."

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லிப் பொருமினார். மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர், "விடு" என்றார். எந்த வியாதிக்கும் அவர் தரும் முதல் மருந்து அதுதான். ஆனால் அன்று சாப்பிட வந்திருந்த நாத்தனார் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"நில்லுங்க அண்ணி."

"விளையாடறியா? கணக்குப் போட்டுப் பாத்தா மூணாவது இடம்கூடக் கஷ்டம்."

"கணக்கை அப்புறம் போடலாம். வண்டி என்னுது, டிரைவர் நான். நீங்க ஏறி உக்காந்தா போதும்."

நாத்தனார் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அவளிடமிருந்தது ஒரு சின்ன வெள்ளைக் கார். முன்னாலும் பின்னாலும் கொட்டை எழுத்தில் சிவப்பு 'எல்'. சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பக்கம்தான் பேராசிரியை உட்கார்ந்தார். வழியில் யாராவது கைகாட்டினால் போதும், அவர் கால் தன்னால் அந்தப் பிரேக்கை மிதித்துவிடும். "அண்ணி! சொல்லிட்டு மிதிங்க!" என்று நாத்தனார் கத்துவதற்குள் அவர் கதவைத் திறந்து இறங்கிப் பேச ஆரம்பித்திருப்பார்.

ஆனால் பேச்சுத்தான் எடுபடவில்லை. முதல் ஊரில் முக்கால் மணி நேரம் பேசினார். மழையளவு, விளைச்சல், வருமானப் பரவல் என்று ஒன்றையும் விடவில்லை. கூட்டம் தண்ணீரில் போட்ட உப்பாகக் கரைந்தது. கடைசியில் மிஞ்சியது மைக்செட்காரர் மட்டும். மைக்கை விட்டுவிட்டு அவர் எங்கே போவார்? இரண்டாவது ஊரிலும் அதே கதை. ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோமோ என்று பேராசிரியைக்கு முதல்முறையாகக் கலக்கம் வந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் பேசி முடித்ததும், வகுப்பு ஞாபகத்தில் வாய் தவறி, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

பால் கேனோடு நின்றிருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "எனக்கு இருக்குங்க. மாட்டு டாக்டர் எங்க ஊருக்கு ஏன் வர்றதே இல்ல? போன மாசம் என் பசு கன்னு போட முடியாம தவிச்சுது. நாங்களே பாத்துக்கிட்டோம். ஒவ்வொரு தடவையும் அப்படிப் பாக்க முடியுமா?"

பேராசிரியை யோசித்தார். "தெரியாதும்மா," என்றார்.

நாத்தனார் பின்னாலிருந்து கிள்ளினாள். மேடையில் நின்று தெரியாது என்று சொல்லும் வேட்பாளரை அவள் கண்டதே இல்லை.

"விசாரிச்சுட்டு அடுத்த வாரம் வந்து சொல்றேன்," என்று பேராசிரியை முடித்தார். கூட்டத்தில் குபீரென்று சிரிப்பு. "ஓட்டுக் கேட்டுப் போனவங்க திரும்பி வந்ததா சரித்திரமே இல்லம்மா!" என்று எவரோ குரல் கொடுத்தார்.

மறுநாளே கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் ஆஜானுபாகுவான மனிதர். முரட்டுக் காளையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"ஜீப் இருக்கு மேடம். டிரைவர் ரிட்டயர் ஆயிட்டார், புது ஆள் போடல. எனக்கு..." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஓட்டத் தெரியாது. பயம்."

நாத்தனார் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது. "நாளைக்குக் காலையில மைதானத்துக்கு வந்துடுங்க டாக்டர்."

பேராசிரியை உடனே குறுக்கிட்டார். "அவர் அரசாங்க ஊழியர். நம்ம பிரசாரத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. பாடம் வேற, ஓட்டு வேற. எல்லார்கிட்டயும் வாங்கற ஃபீஸை வாங்கிக்கோ."

அப்படியே ஆயிற்று. காலையில் மைதானத்தில் பாடம், அதற்கப்புறம் அதே காரில் பிரசாரம். காளைக்கு அஞ்சாத டாக்டர் கியருக்கு அஞ்சினார். கார் குதிரையாய்த் துள்ளும், நிற்கும், மறுபடி துள்ளும். "கிளட்ச்சை மெல்ல விடுங்க! அது உதைக்காது டாக்டர், நான் கேரண்டி!" என்று நாத்தனார் போடும் சத்தத்தில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நடப்பதை விட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

சொன்னபடி அடுத்த வாரம் பேராசிரியை ஆற்றைத் தாண்டினார். ஊரே ஆச்சரியப்பட்டு வெளியே வந்தது.

"ஜீப் இருக்கு, டிரைவர் இல்ல. டாக்டரே ஓட்டக் கத்துக்கிட்டு இருக்கார். கொஞ்சம் பொறுத்துக்கோங்க," என்றார். அன்று பேசியது அவ்வளவுதான். ஆனால் சந்தேகங்கள் வந்து குவிந்தன. பள்ளிக்கூடக் கூரை, குடிதண்ணீர்க் குழாய், பஸ். தெரிந்ததற்குப் பதில் சொன்னார். தெரியாததற்கு, "வந்து சொல்றேன்" என்றார். போய்ச் சொல்லவும் செய்தார். சில பதில்கள் நல்ல பதில்களாக இல்லை. "அந்தக் குழாய் இந்த வருஷம் வராது" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னபோது முணுமுணுத்தார்கள். ஆனால் எழுந்து போகவில்லை. அவருக்கும் அந்தக் கூட்டங்கள் பிடித்துப்போயின. ஒவ்வொரு ஊரிலும் காரைவிட்டு இறங்கும்போது, செமஸ்டரின் முதல் நாள் வகுப்புக்குள் நுழையும் குதூகலம் வந்தது.

மரக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? அவருடைய பிரசார வண்டி ஊர் ஊராக ஒலித்தது: "எல் போர்டு வண்டியில வர்றாங்க! ஓட்டத் தெரியாதவங்களுக்கு எதுக்கு ஓட்டு?" பிள்ளைகளுக்கு அது வாய்ப்பாடு போலப் பிடித்துவிட்டது. தெருத்தெருவாகப் பாடித் திரிந்தார்கள். பேராசிரியையைக் கேள்விப்படாத ஊர்களுக்கும் அவர் பெயர் இலவசமாகப் போய்ச் சேர்ந்தது. வெள்ளைக் காரைக் கண்டதும், "எல் போர்டு அம்மா வந்தாச்சு!" என்று கூட்டம் தானாகக் கூடியது.

இதற்கிடையே டாக்டர் லைசென்ஸ் வாங்கிவிட்டார். அவர் தனியாக ஜீப்பை ஓட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிய அன்று வேட்பாளரும் இல்லை, மைக்கும் இல்லை. மேட்டில் ஜீப் நின்றுவிட, ஊரே கூடித் தள்ளிக்கொண்டு போனதாம். முதலில் ஊசி போட்டது பால்காரப் பெண்ணின் பசுவுக்கு. நாத்தனாருக்குப் போன் பண்ணி இதைச் சொன்ன டாக்டர் சின்னப் பிள்ளையாகச் சிரித்தார். "ரிவர்ஸ்கூட எடுத்துட்டேன்மா!"

ஓட்டு எண்ணிக்கை அன்று, முதலில் டவுன் ஓட்டுகள். பேராசிரியை பின்தங்கினார். "சொன்னேன்ல?" என்றார் நாத்தனாரிடம், கணக்குச் சரியாக வந்த திருப்தியோடு. அப்புறம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஓட்டுகள் வந்தன. இடைவெளி குறைந்தது. அதுவும் போயிற்று. நாத்தனார் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணி, முன்னால போயிட்டீங்க!"

"சாம்பிள் போதாது. இதை வச்சு முடிவுக்கு வரக்கூடாது."

அடுத்த சுற்றிலும் அதையே சொன்னார். அதற்கடுத்த சுற்றிலும். அதிகாரி எழுந்து நின்று அவர் பெயரை வாசித்தபோதும் உதடு, "சாம்பிள்..." என்று தொடங்கிப் பாதியில் நின்றது. நாத்தனார் அழுகையும் சிரிப்புமாகக் கட்டிக்கொண்டாள். மரக்கடைக்காரர் வந்து கைகுலுக்கினார். "நுணலும் தன் வாயால கெடும்பாங்க. நான்தானே மேடம் உங்களை நிக்கச் சொன்னேன்!" என்று சிரித்தார். தோற்றாலும் மனிதர் நல்ல மனிதர்தான்.

பஸ் திரும்பி வர மேலும் பல மாதம் பிடித்தது. அதற்கு அவர் ஏறி இறங்கிய அலுவலகங்களின் கதை தனி.

ஜெயித்த அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. கூடத்தில் முன்பின் தெரியாதவர்கள் நாற்காலி, கட்டில், ஜன்னல் விளிம்பு என்று கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத கணவர் அன்று கடையைப் பூட்டிவிட்டு, டீத் தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனார்.

"டீ எடுத்துக்கோங்க. நான்தான் அவங்க வீட்டுக்காரர்."

அடுத்தவரிடமும் அதே. ஏற்கெனவே குடித்தவரிடமும் அதே. தட்டு காலியான பிறகும் அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. சமையலறைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.