வட்டி குறைந்த வருஷமும் ஒரு விளக்குக் கம்பமும்

ஷாங்காயில் சனிக்கிழமை மாலைகளில் ஷேர்க்காரர்கள் கூடும் நடைபாதையில் ஒரு விளக்குக் கம்பம் உண்டு. அதில் சாய்ந்து நின்று பேசுபவரின் பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பு. பல வருஷமாக அது ஃபாங் வசம் இருந்தது. ஹோட்டல் சமையலிலிருந்து ஓய்வு பெற்றவர், அதன் பிறகு வாயாலேயே வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

ஷென் குய்ஜென் கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவள். பஸ் கண்டக்டராக இருந்தவளுக்குத் தொண்டைக்கு என்ன குறைச்சல்? ஆனால் அவள் பேச ஆரம்பித்தாலே ஆண்கள் சிகரெட் பற்றவைக்கத் திரும்பிக்கொள்வார்கள். ஒரு நாளாவது அந்தக் கம்பத்தில் சாய்ந்து பேசிவிட வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்திய வங்கி வட்டியைக் குறைத்தது. மறுநாள் நடைபாதை கல்யாண வீடாகிவிட்டது.

"பேங்குல போட்டா இனி என்ன கிடைக்கும்? பணமெல்லாம் ஷேருக்குத்தான் வரும். திங்கக்கிழமை கதவு திறந்ததும் வாங்கிடுங்க," என்றார் ஃபாங்.

"அவசரப்படாதீங்கண்ணே," என்றாள் குய்ஜென். "வியாபாரம் படுத்துக் கிடக்குது, அதனாலதானே வட்டியக் குறைச்சிருக்காங்க? முதல் பஸ்ல முட்டி மோதி ஏறினவன் சட்டை கிழிஞ்சுதான் இறங்குவான். போன தடவை நானும் அப்படி ஏறி, பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருந்ததுல பாதியத் தொலைச்சேன். கூட்டம் இறங்கட்டும். அப்புறம் ஏறுவோம்."

"டிக்கெட் கிழிச்ச கை இப்ப ஜோசியமும் பாக்குதா?" ஃபாங் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். "சரி, பந்தயம். வருஷக் கடைசிக்குள்ள நீ சொன்னபடி சந்தை இறங்கி ஏறிச்சுன்னா இந்தக் கம்பம் உனக்கு. இல்லேன்னா இந்தத் தெருவுல நீ வாயே திறக்கக் கூடாது."

"சரிண்ணே."

திங்களன்று காலை ஷேர் விலைப் பலகை முழுக்கச் சிவப்பு. எங்கள் ஊரில் சிவப்புதான் ஏற்றம். மதியத்துக்குள் இறக்கத்தின் பச்சை எட்டிப் பார்த்தது, பிறகு வாரக்கணக்கில் அது போகவே இல்லை. வாங்கியவர்கள் நஷ்டத்துக்கு விற்றுவிட்டு வீட்டோடு இருந்தார்கள். புலம்பக்கூட ஆள் வராத சனிக்கிழமைகளில்தான் குய்ஜென் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க ஆரம்பித்தாள். இலையுதிர்கால நண்டு சீசன் வந்தது. சந்தை அசையவில்லை. அவள் தினமும் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தாள். மிச்சம் இருந்த கல்யாணப் பணம் ஒருபுறம், வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டுமே என்கிற பயம் அதைவிடப் பெரிதாக ஒருபுறம்.

குளிர் ஏறியபோது சந்தையும் ஏறியது. மெல்ல, பிறகு விறுவிறுவென்று. இந்தத் தடவை சிவப்பு நிலைத்து நின்றது.

வருஷத்தின் கடைசிச் சனிக்கிழமை பழைய கூட்டம் மொத்தமும் வந்துவிட்டது. ஃபாங் கம்பத்தை விட்டு நகர்ந்தார்.

"எல்லாரும் நஷ்டத்துக்கு வித்தப்ப நானும் விக்கத்தான் கிளம்பினேன்," என்றார். "கூட்டம் இறங்கட்டும்னு நீ சொன்னது காதுலயே நின்னுச்சு. பாதி வழியில திரும்பிட்டேன். வாம்மா, வந்து நில்லு."

குய்ஜென் சாய்ந்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. யாரும் சிகரெட்டைத் தேடவில்லை. முன்வரிசையில் ஃபாங் நின்றார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குரலை எடுத்தாள்.

"உள்ள போங்க, உள்ள போங்க. பின்னால இருக்கறவங்களுக்கும் கேக்க வேண்டாமா?"