ஆலை வாசலில் சொல்லச் சொன்ன சூசைராஜ்

செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில் தொலைபேசி அடித்தபோது, சரக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று யாரோ திட்டப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் எடுத்தேன். சூசைராஜின் மகன் பேசினான். "சார், நைனா பூட்டாரு. டீ குடிச்சிகினே இருந்தாரு, அப்டியே சாஞ்சிட்டாரு." எனக்கு முதலில் வந்தது கோபம். அவரோடு போட்ட சண்டையில் பாதி இன்னும் மிச்சம் இருந்தது. அதற்குள் போய்விட்டாரே என்று இருந்தது. ஆவடியில் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் வரை அந்தக் கோபம்தான் என்னை அழாமல் வைத்திருந்தது.

உங்களில் பலருக்கு அவர் பாடியில் ஒரு பெரிய ஆலையின் தொழிற்சங்கத் தலைவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த ஆலைக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் எனக்கு அவர் பல வருடத் தலைவலி. அவர் வேலைநிறுத்தம் என்றால் என் எந்திரங்களும் நின்றுவிடும். எங்கள் இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தது அரசாங்கம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாடியிலிருந்து ஆவடி, பூந்தமல்லி வரை உள்ள பகுதி இன்னும் இருபது ஆண்டுகளில் எதை வைத்துப் பிழைக்கும் என்று திட்டமிட ஒரு கூட்டுக் குழு போட்டார்கள். ஆலைக்காரர்கள், பட்டறைக்காரர்கள், சங்கங்கள், பூந்தமல்லி வியாபாரிகள், பாலிடெக்னிக் முதல்வர் என்று எல்லோரும் இருந்தோம். நடத்தியவர் நகரமைப்பு அதிகாரி பத்மாவதி அம்மா.

முதல் கூட்டத்தில் நான் மின்சாரம் கேட்டேன். வியாபாரிகள் பேருந்து நிலையத்தைப் பெரிதாக்கச் சொன்னார்கள். ஆலைக்காரர்களுக்கு அகலமான சாலை வேண்டும். கடைசியில் சூசைராஜ் எழுந்தார். "இன்னா மேடம், ஆளாளுக்கு மளிகை சாமான் சொல்லிகினு கீறாங்க? ஊரு இன்னா ஆவப்போவுதுன்னு யாரும் பேசலியே." பிறகு ஒரு நிபந்தனை போட்டார். அவர்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிர்வாகத்தோடு எது பேசினாலும், ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆலை வாசலில் ஸ்டூல் மேல் ஏறித் தொழிலாளர்களிடம் சொல்லிவிட வேண்டும். அவர்கள் கேட்பதற்கு அங்கேயே பதில் சொல்ல வேண்டும். வாயிற்கூட்டம் என்பார்கள். "இங்க எழுதறத ஆலை கேட்டாண்ட நின்னு சொல்லணும். சொல்ல முடியாதத்த எழுதக் கூடாது. அதிகாரியும் வரணும், மொதலாளியும் வரணும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். பத்மாவதி அம்மா மட்டும் சரி என்று தலையாட்டினார்.

மாதக்கணக்கில் பேசியதில் ஒரு கசப்பான உண்மை தெளிவாகிவிட்டது. பழைய ஆலைகளில் புது எந்திரங்கள் வரும், ஆட்கள் குறைவார்கள், புதிய தொழில்கள் மேற்கே போகும். வரைவு அறிக்கையில் இதை 'மனிதவளச் சீரமைப்பு' என்று எழுதியிருந்தோம். சூசைராஜ் அதன்மேல் விரலை வைத்தார். "இத்த எப்டி சொல்லுவீங்க?" ஆலையின் பிரதிநிதி தண்ணீர் குடித்தார். பத்மாவதி அம்மாதான், "நிறையப் பேருக்கு வேலை இருக்காதுன்னுதான் சொல்லணும்" என்றார். "அப்ப அப்டியே எழுதுங்க."

அப்படி எழுதிய பிறகு அந்தப் பக்கத்தைத் தாண்ட எங்களால் முடியவில்லை. அந்த நிறையப் பேர் எங்கே போவார்கள்? விடிய விடியப் பேசியிருந்தாலும் நாங்களாகக் கேட்டிருக்க மாட்டோம். அதிலிருந்துதான் மாலைநேரப் பயிற்சி பிறந்தது. பாலிடெக்னிக் இடம் தரும், ஆலை ஒரு புது எந்திரம் தரும், பயிற்சி முடியாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

சங்கத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்தல் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நானே அவரிடம் சொன்னேன். "முன்னாடி சொன்னா தோத்துப்பூடுவேன். பின்னாடி சொன்னா ஏமாத்துனவனாவேன். தோக்கறது தேவலாம் மொதலாளி."

மதிய ஷிப்ட் மாறும் நேரம். வாசலில் கூட்டம், பின்னால் லாரிகளின் ஹாரன். சூசைராஜ் ஸ்டூலில் ஏறிச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "நம்மள்ல நிறையப் பேருக்கு இங்க வேல இருக்காது. நாளைக்கே இல்ல. ஆனா இருக்காது." முன்னால் நின்ற ஒருவர், சூசைராஜ் முன்னின்று கல்யாணம் செய்துவைத்த தொழிலாளி, மெதுவாகக் கேட்டார்: "யாராண்ட வெல போன அண்ணாத்தே?" ஒரு செருப்பு வந்து ஸ்டூலில் பட்டது. கூட்டம் நெருங்கியது. பத்மாவதி அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். சூசைராஜ் இறங்கி என்னை ஏறச் சொன்னார். "இவரு பட்டறை மொதலாளி. புது மிஷினு வேல கத்துகினு வந்தா எடுத்துப்பியான்னு இவர கேளு." ஏறினேன். மற்றப் பட்டறைக்காரர்கள் யாரையும் கேட்காமலே, "முதல்ல உங்களைத்தான் எடுப்போம்" என்று சொல்லிவிட்டேன். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல முடியாது. மெல்ல வழிவிட்டார்கள்.

தேர்தலில் அவர் தோற்றார். சங்கத்தின் புதிய தலைமை, கூட்டுக் குழுவிலிருந்து விலகியது. அறிக்கை கோட்டையில் ஏதோ அலமாரிக்குள் போனது. சக பட்டறைக்காரர்கள் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். ஆனாலும் பயிற்சி நடந்தது. எங்கள் நல்ல மனசு காரணமில்லை. "கேட்டாண்ட சொன்னியே" என்று ஆட்கள் என் வாசலில் வந்து நின்றார்கள். விலை போனாயா என்று கேட்டவரும் வந்தார். இன்றும் என்னிடம்தான் வேலை செய்கிறார்.

சூசைராஜும் பயிற்சியில் சேர்ந்தார். கணினி பொருத்திய கடைசல் எந்திரத்தின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "எந்த மேனேஜரப் பாத்தும் பயந்ததில்ல. இந்தப் பொட்டியப் பாத்தா பயமாக்கீது" என்பார். கடைசி வரை அவருக்கு அது பிடிபடவில்லை. அதற்காக வகுப்புக்கு வராமலும் இருக்கவில்லை.

அவருடைய துணிச்சலை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல ஆசைதான். அது எனக்கு வரவில்லை. அவருடைய கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது: இத்த எப்டி சொல்லுவீங்க? அடுத்த மாதம் என் பட்டறைக்குப் புது எந்திரம் வருகிறது. சிலருக்கு வேலை இருக்காது. அவர்களில் இருவர் அன்று என் வாக்கை நம்பி வந்தவர்கள். தீபாவளி முடியட்டும் அப்பா என்கிறான் என் மகன். நான் வருகிற சனிக்கிழமை மதியம், பட்டறை வாசலில் சொல்லிவிடப் போகிறேன். சூசைராஜ் இருந்திருந்தால் வந்திருப்பார். என் பக்கம் நிற்க மாட்டார், அவர்கள் பக்கம்தான் நிற்பார். அவரை அறிந்தவர்கள் யாராவது அன்று வாருங்கள். அவர் நின்றிருக்கக்கூடிய இடத்தில் நின்று, அவர் கேட்டிருக்கக்கூடியதை என்னிடம் கேளுங்கள்.