டாக்டர் அருள்மேரியின் இடது கை

சென்ற வியாழக்கிழமை காலை உறையூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். எங்கள் ஆஸ்பத்திரி டிரைவர் சைக்கிளை ஓரங்கட்டி, "சிஸ்டர், நம்ம தோல் டாக்டரம்மா விடியக்காலையில போயிட்டாங்க. மாரடைப்பாம்" என்றார். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

டாக்டர் அருள்மேரி எங்கள் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவை நெடுங்காலம் நடத்தியவர். ஓய்வுபெற்ற பிறகும் கைலாசபுரத்தில் தம்பி வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து நோயாளிகளைப் பார்த்தார். நான் அவர் காலத்திலிருந்தே அங்கே நர்ஸ். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவரைப் பொறுமையின் சிகரம் என்று பேசினார். அந்தப் பொறுமையை நான் பார்த்ததே இல்லை. தப்பாக எழுதிய மருந்துச் சீட்டை எழுதியவர் கண்முன்னே கிழித்துப் போடுவார். எனக்கும் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் நிறைய உண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு சபையார் எங்களுக்குக் கட்டில் ஒன்று அனுப்பினார்கள். கண்ணாடிப் படுக்கை, அடியிலும் மேல்மூடியிலும் நீள நீளமான டியூப்லைட்டுகள். அங்கே வெள்ளைக்காரர்கள் தோல் கறுக்க வேண்டுமென்று காசு கொடுத்து அதில் படுப்பார்களாம். இதைக் கேட்டு வார்டே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. உடம்பில் வெள்ளைத் திட்டுகள் வந்தவர்களை ஊர் வெண்குஷ்டம் என்று சொல்லி ஒதுக்கிவைத்த காலம் அது. அது குஷ்டமும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது. அவர்களுக்கு மாத்திரை கொடுத்து, கண்ணைக் கட்டி, கட்டிலில் படுக்கவைத்தார். சில மாதங்களில் திட்டுகளுக்குள் மிளகு தூவியதுபோல் நிறம் எட்டிப் பார்த்தது. நாங்கள் அதற்கு வெயில் கட்டில் என்று பெயர் வைத்தோம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாயகி வந்தாள். பள்ளி ஆசிரியர் சம்பத் அவர்களின் ஒரே மகள். நெற்றியிலும் வாயோரத்திலும் திட்டுகள். சரியான வாயாடி. "நான் முழுக்க வெள்ளையாயிட்டா என்னை ஜெர்மனிக்கு அனுப்பிடுங்கோ டாக்டர்" என்பாள். அவள் நெற்றித் திட்டில் நிறம் நிறைந்துவந்த நேரத்தில் டியூப்கள் சோர்ந்துபோயின. பார்வைக்கு எரிந்தன, தோலில் வேலை செய்யவில்லை.

மெட்ராஸ் வியாபாரி ஒருவர் அனுப்பிய முதல் பெட்டியைப் பிரித்ததுமே டாக்டர் மூடிவிட்டார். ஆபரேஷன் தியேட்டரில் கிருமியைக் கொல்ல எரியவிடும் டியூப்கள் அவை. ஆள்மேல் பட்டால் கண் போய்விடும். அடுத்து வந்தவை பழையவற்றைப் போலவே பால்வெள்ளை. அதே நீளம், முனையில் அதே இரண்டு பின். மாட்டினேன், எரிந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டர் ஓர் அட்டையில் வரிசையாகச் சதுர ஓட்டைகள் வெட்டித் தம் இடது முன்கையில் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு ஓட்டையையும் முந்தையதைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் வெளிச்சத்தில் காட்டினார். மறுநாள் சதுரங்கள் சிவந்திருந்தன. கடைசி இரண்டும் கொப்புளித்துவிட்டன.

"பொருந்துது, எரியுது. ஆனா இது தோலைச் சுடுற வெளிச்சம் லில்லி. நமக்கு வேண்டியது வேற. கழட்டிடு" என்றார்.

அன்றே சம்பத் சார் மகளுடன் வந்தார்.

"ஆவணியில முகூர்த்தம் பார்த்திருக்கு. மாப்பிள்ளை ஆத்துக்கு இதை நாங்க இன்னும் சொல்லலை. லைட்டுதான் எரியறதே டாக்டர், நேரத்தைக் குறைச்சு வெக்கப்படாதா?"

டாக்டர் கையை நீட்டிக் காட்டினார். "இது நேத்து போட்டது சார். உங்க பொண்ணு முகத்துல இது வேணுங்களா?"

"எத்தனை நாள் காத்திண்டிருக்கறது?"

"தெரியலைங்க. ஜெர்மனிக்கு எழுதியிருக்கேன். அதுவரைக்கும் கட்டில்ல யாரையும் படுக்கவைக்க மாட்டேன்."

அவர்கள் எழுந்து போனார்கள்.

துறையூர்ப் பக்கம் யாரோ ஒருவர் பதினைந்து நாளில் குணமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார். சார் மகளை அங்கே அழைத்துப்போக, அந்த வைத்தியர் அவள் முகமெல்லாம் ஏதோ எண்ணெயைத் தடவி உச்சி வெயிலில் உட்கார வைத்திருக்கிறார். தோல் வெந்து, சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறிய பிறகுதான் எங்களிடம் தூக்கிவந்தார்கள். டாக்டர் வார்டைவிட்டு நகரவில்லை. "எரியறது டாக்டர்" என்பதைத் தவிர அந்த வாயாடி வேறெதுவும் சொல்லவில்லை. ஆடி முடிவதற்குள் இறந்துபோனாள்.

"மெஷினை வெச்சுண்டே என் குழந்தையைத் திருப்பி அனுப்பினேளே!" என்று சார் வராந்தாவில் கத்தினார். டாக்டர் தலைகுனிந்து நின்றார்.

அவர் செய்தது சரி. யார் முன்னாலும் இதைச் சொல்வேன். சரியாகச் செய்தும் ஒரு பெண் செத்தாள். துறையூர்க்காரர்மேல் பழியைப் போட்டுவிட்டு அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "வேண்டாம்னு சொன்னேன் லில்லி. அதுவரைக்கும் என்ன செய்யணும்னு சொல்லாம விட்டுட்டேன்" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். அதன் பிறகு யாருக்குச் சிகிச்சை தள்ளிப்போனாலும் வாரா வாரம் வரச் சொல்லிப் பேசிக்கொண்டிருப்பார். வராதவர்களைத் தேடி பஸ் ஏறி வீட்டுக்கே போவார்.

மார்கழியில் சரியான டியூப்கள் வந்தன. அவற்றையும் கையில் பார்த்தார். புதியவை பலம் கூடியவை என்று படுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்த பிறகே கட்டிலைத் திறந்தார். அதன் பின் டியூப் மாற்றிய ஒவ்வொரு முறையும் அவர் இடது கைதான் முதலில் அதற்குள் போனது.

வெள்ளிக்கிழமை கைலாசபுரத்தில் அவரைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். முழுக்கை ரவிக்கை அணிவித்திருந்தார்கள். "தழும்பு அசிங்கமா தெரியுதுன்னுதான்" என்றார் தம்பி மனைவி. வந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். தளர்ந்துபோன ஒரு பெரியவர் மட்டும் நகரவில்லை. நெற்றியில் திருமண். சம்பத் சார்.

"சிஸ்டர், அந்தக் கையை ஒரு தடவை காட்டுங்கோ."

ரவிக்கைக் கையை மடித்துவிட்டேன். சதுரங்கள் வரிசையாக இருந்தன. கடைசி இரண்டின்மேல் அவர் விரலை வைத்தார். "அன்னிக்கே காட்டினேளே டாக்டர்" என்றார். பிறகு அழுதார். மடித்த கையை நான் இறக்கிவிடவில்லை. அப்படியே பெட்டியை மூடினார்கள்.

போய் வாருங்கள், டாக்டர். புது டியூப்கள் வந்து நம் அறையின் மூலையில் நிற்கின்றன. நாளைக் காலை அட்டையை என் கையில் கட்டிக்கொள்கிறேன்.