முடக்கப்படாத கணக்கு

என் வங்கிக் கணக்கை யாரும் முடக்கவில்லை. முடக்கிவிட்டார்கள் என்று அண்ணனிடம் நான் சொன்னது பொய். அந்தப் பொய்யினால் அவருடைய இடது கண் போயிற்று.

மூன்று வருடங்களாக இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. மனைவியிடம்கூட இல்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். ஏன் உங்களிடம்? நீங்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை, அதனால்தான். இதைவிட மேலான காரணம் ஒன்றை ஜோடிக்க எனக்குத் தெரியும்... ஆனால் ஜோடித்தவரை போதும்.

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் பாவ அறிக்கை உண்டு. எல்லோரும் முழங்காலிட்டு, அச்சடித்த வரிகளை ஒரே குரலில் சொல்லுவோம். எவ்வளவு வசதியான ஏற்பாடு! அவரவர் பாவத்துக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. நூறு குரல்களுக்கு நடுவே என் குரலையும் கலந்துவிட்டு, எழுந்து, கால்சட்டையின் முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எத்தனை முறை வெளியே வந்திருப்பேன்!

நான் மஸ்கட்டில் ஸ்டோர்கீப்பர். ஏசி பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில், பகல் முழுதும் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து உதிரிபாகங்களை எண்ணி எடுத்துக் கொடுக்கும் வேலை. ஊர் வள்ளியூர். என் அண்ணன் செல்வராஜ் அங்கேதான் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அதுவரை என்னிடம் ஒரு ரூபாய் கேட்டதில்லை. இதை நீங்கள் மறக்காமல் இருக்க வேண்டும்.

அன்று புதன்கிழமை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் இந்திய எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. என் கார்டில், ஏதோ ஒரு நாட்டின் இணையக் கடையில், டாலரில் ஒரு பெரிய தொகைக்குப் பொருள் வாங்க முயன்றிருக்கிறார்கள். இது நீங்கள் இல்லையென்றால் உடனே எங்களை அழைக்கவும்!

வங்கியின் கட்டணமில்லா எண்ணை அடித்தேன். வெளிநாட்டிலிருந்து அது போகாது என்பது அப்போதுதான் தெரிந்தது. கார்டின் முதுகில் பொடி எழுத்தில் இருந்த இன்னொரு எண்ணை ஒருவழியாகப் படித்து அழைத்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, காத்திரு... இருபது நிமிடம் சங்கீதம் கேட்டேன். பிறகு ஒரு பெண் வந்து என் பிறந்த தேதியைக் கேட்டாள். சொன்னேன். தவறு என்றாள். என் பிறந்த தேதி எனக்கே தவறா! பிறகு நினைவு வந்தது. என்னைப் பள்ளியில் சேர்த்தபோது ஹெட்மாஸ்டர் தம் வசதிக்கு ஒரு தேதி போட்டுக்கொண்டார்; சான்றிதழ் உலகம் முழுவதும் நான் ஜூன் மாதத்தில்தான் பிறந்தவன். ஜூன் என்று சொன்னதும் அவள் என்னை நம்பினாள்.

விஷயம் சுலபமாக முடிந்தது. திருடனின் முயற்சி பலிக்கவில்லை. ஒரு பைசா போகவில்லை. கார்டை மட்டும் நிறுத்திவிட்டோம், புதுக் கார்டு வரும், கணக்குக்கு ஒன்றுமில்லை, கைப்பேசிச் செயலியில் நீங்கள் எப்போதும்போல் பணம் அனுப்பலாம் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அன்று சாயங்காலம் அண்ணன் அழைத்தார்.

"தம்பி, இடது கண்ணுல கருப்பா ஒரு திரை இறங்குத மாரி இருக்கு. நெல்லையில காட்டினேன். விழித்திரை பிரிஞ்சிருக்காம். ரெண்டு மூணு நாளுக்குள்ள ஆப்பரேஷன் பண்ணணுங்காவ. கொஞ்சம் பணம் அனுப்ப முடியுமாலே?"

காப்பீட்டு அட்டையில் ஏதோ பெயர்ப் பிழையாம். அதைத் திருத்தி வர நாளாகுமாம். அதனால்தான் கேட்கிறேன் என்று, கேட்டதற்காக மன்னிப்புக் கேட்பவரைப் போல இழுத்தார்.

வெளிநாட்டில் இருப்பவனுக்கென்று ஒரு நோய் உண்டு. ஊரிலிருந்து போன் வந்தாலே பணத்துக்குத்தான் என்று நெஞ்சு இறுகும் நோய். அண்ணன் ஒருநாள் கேட்பார், கேட்டால் என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று, அவர் கேட்காத அத்தனை வருடங்களிலும் நான் யோசித்து வைத்திருந்தேன். சொன்னால் நம்புவீர்களா? கேட்கப்படாத கேள்விக்கு எட்டு வருடமாக மறுப்புத் தயாராக இருந்தது!

அந்த வாரம் பாளையங்கோட்டையில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு நான் முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கட்டடக்காரர் சொல்லியிருந்தார். வீடு போனால் வேறு வீடு. கண் போனால்? இந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றவே இல்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. தோன்றியது. தோன்றிய பிறகுதான் வாயைத் திறந்தேன்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல மத்தியானத்துச் செய்தி கையில் இருந்ததே!

"அண்ணே, என் கணக்குல எவனோ கைய வச்சிட்டான். பேங்குல மொத்தத்தையும் முடக்கிப் போட்டுட்டாவ. தெறக்க பத்துப் பதினஞ்சு நாள் ஆகுமாம்."

அண்ணன் கேட்டார். "உன் காசு ரொம்பப் போயிட்டாலே?"

தன் கண்ணைப் பற்றி அதன்பின் அவர் ஒன்றும் பேசவில்லை. நீ வெசனப்படாதே, நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்குத் தேறுதல் சொல்லிவிட்டு வைத்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. உட்கார்ந்த இடத்திலிருந்தே செயலியைத் திறந்து வீட்டுக்கு முன்பணம் அனுப்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் ஒன்றை மறந்துபோனேன். எனக்கு வங்கி என்றால் ஒரு தொலைபேசி எண், ஒரு சங்கீதம், முகம் தெரியாத ஒரு பெண். அந்தப் பொய்யை அண்ணன் எங்கே போய்ச் சரிபார்க்க முடியும் என்ற தைரியம். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வங்கி என்றால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள். எந்தக் காரியமானாலும் நேரில் போய் முகத்தைக் காட்டி நின்றால்தான் நடக்கும் என்று நம்புகிறவர்கள். அண்ணன் நம்பினார். வெள்ளிக்கிழமை காலையில், என் கணக்கு இருக்கும் பாளையங்கோட்டைக் கிளைக்குப் புறப்பட்டுப் போனார். என்னிடம் சொல்லாமல்... எனக்காக!

ஆட்டம் அசைவில்லாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அவர் மனைவி, எனக்கு மதினி, எவ்வளவோ தடுத்துப் பார்த்திருக்கிறார். தம்பி அங்கே தனியாகக் கிடந்து தவிக்கிறான் என்று சொல்லிவிட்டு அண்ணன் பஸ் ஏறியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வெள்ளிக்கிழமை இரவு அவர் என்னை அழைத்தது மட்டும்தான் தெரியும். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"பேங்குல ஏதும் சொன்னாவளாலே?"

"இல்லண்ணே. முடக்கித்தான் வச்சிருக்காவ."

"சரிலே," என்றார். "பைய தெறக்கட்டும்."

அடுத்த வியாழக்கிழமைதான் அறுவைச் சிகிச்சை நடந்தது. மதினியின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து நடந்தது. விழித்திரை ஒட்டிக்கொண்டது, பார்வை திரும்பவில்லை. முதலிலேயே செய்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் மதினியிடம் சொன்னதை, மதினி என்னிடம் போனில் அழுதுகொண்டே சொன்னார். நானும் அழுதேன். அந்த அழுகை உண்மையானது. ஆனால் அதனால் என்ன?

ஒற்றைக் கண்ணோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்ட முடியுமா? அதே பள்ளிக்கூட வாசலில் நின்று, பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் வேலையைக் கொடுத்தார்கள். சம்பளம் பாதி.

எட்டு மாதம் கழித்து விடுமுறையில் வந்தேன். விலாசம் மாற்ற வேண்டியிருந்ததால் பாளையங்கோட்டைக் கிளைக்குப் போனேன். உதவி மேலாளர் அம்மா என் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வள்ளியூர் செல்வராஜ் அண்ணாச்சிக்குத் தம்பியா? கண்ணு எப்படி இருக்கு அவங்களுக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் எல்லாவற்றையும் சொன்னார். என் பாஸ்புக் முதல் பக்கத்தின் ஜெராக்ஸ், என் போட்டோ, கையால் எழுதிய ஒரு மனு, எல்லாவற்றோடும் அண்ணன் வந்து மூன்று மணி நேரம் காத்திருந்தாராம். ஒரு கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே இருந்தாராம்.

"ரொம்பப் பதறுதாங்களேன்னு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னேன் சார். கார்டு மட்டுந்தான் நிறுத்தியிருக்கு, கணக்கு நல்லா இருக்கு, நேத்துகூட உங்க தம்பி பெரிய தொகை ஒண்ணு அனுப்பியிருக்காரு, பயப்படாதீங்கன்னேன். அடுத்தவங்க கணக்கை அப்படிச் சொல்லக் கூடாதுதான். அவங்க நிம்மதியாப் போகட்டுமேன்னு சொல்லிட்டேன்."

அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"மனுவைக் கிழிச்சுப் போட்டிருங்கம்மான்னு சொல்லிட்டு எந்திச்சுப் போயிட்டாங்க."

அந்த அம்மா கிழிக்கவில்லை. கோப்பில் தேடி எடுத்துக் கொடுத்தார். கோடு போடாத வெள்ளைத் தாள். வரிகள் வலப்பக்கம் போகப் போகச் சரிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. என் தம்பி வெயிலில் கிடந்து சம்பாதித்த பணம், அவன் வாயில்லாப் பூச்சி, தயவுசெய்து அவன் கணக்கைச் சீக்கிரம் திறந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். நானோ வெயிலே படாதவன்! தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தன் கண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை இரவு எனக்கு விளங்கியது. எல்லாம் தெரிந்த பிறகுதான் அவர் என்னை அழைத்திருக்கிறார். பேங்கில் ஏதும் சொன்னார்களா என்று கேட்டு, நான் திரும்பி வர ஒரு வழி விட்டிருக்கிறார். ஒரே ஒரு வார்த்தை, தெறந்தாச்சு அண்ணே என்று சொல்லியிருந்தால் போதும்! சனிக்கிழமையே அறுவைச் சிகிச்சை நடந்திருக்கும். கண் தப்பித்திருக்குமோ என்னவோ... புதன்கிழமைப் பொய்யை யோசிக்காமல் சொன்னேன் என்று எவரிடமாவது வாதாடலாம். வெள்ளிக்கிழமைப் பொய்யை எதைச் சொல்லி நான் வாதாடுவது?

அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். இது மட்டும் அவருக்குத் தெரியாது. இப்படியே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், சிரிக்கிறோம்.

போன வருடம் அந்த வீட்டின் பிரதிஷ்டை, குடிபுகும் ஜெபம். ஆமாம், அதே வீடு. சபைப் போதகரான ஐயர் வந்து ஜெபித்துவிட்டுப் போன பிறகு உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநாள் கழித்து வந்த ஒரு வாத்தியார், மதினிக்குச் சித்தப்பா முறை, அண்ணனின் கண்ணைப் பற்றி விசாரித்தார்.

அண்ணன் கதையைச் சொன்னார். தம்பி பணம் அனுப்பத் துடித்ததையும், அந்த நேரம் பார்த்து எவனோ கார்டைக் களவாடியதையும், பதினைந்து நாள் வங்கி கணக்கைத் திறக்க மறுத்ததையும், தம்பி ராவெல்லாம் தூங்காமல் கிடந்ததையும்... நான் சொல்லாத விவரங்களையெல்லாம் சேர்த்து, என் பொய்க்கு ஓட்டை ஒடிசல் இல்லாமல் அவரே பூசி மெழுகினார். இப்படித்தான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார் என்று அங்கே இருந்தவர்களின் தலையாட்டலில் தெரிந்தது.

வாத்தியார் பல்லைக் கடித்தார். அந்தக் களவாணிப் பயல் உருப்படுவானா என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பணத்தைப் பறிகொடுத்தவன் நான்தானே! ஏதாவது சொல்ல வேண்டுமே...

"நாசமாத்தான் போவான்," என்றேன்.

என் மகள் அப்போது அண்ணன் மடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் தலையில் கையை வைத்தார். அவசரமாக வைத்தார்.

"அப்படிச் சொல்லாதலே. அவனுக்கும் பிள்ளகுட்டி இருக்கும்."

சரிண்ணே என்றேன். அந்தக் கூடத்தில், அத்தனை பேர் முன்னால், அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி எடுக்க உள்ளே போனேன்.