பல்பு எப்பவோ போயிடுச்சு

காருக்கு அடியில் போவதற்கு முன் அப்பா வாட்சைக் கழற்றி கேட் தூணின் மேல் வைப்பார். பிறகு கோணிப்பையை விரித்து மல்லாந்து படுத்து, குதிகாலால் தரையை உந்தி உள்ளே நழுவுவார். வெளியே தெரிவது காக்கி அரைக்கால் சட்டையும் வெளுத்த இரண்டு கால்களும்தான். பேச்சு மட்டும் அடியிலிருந்து வரும்.

"அம்மணி, பதிமூணு ஸ்பேனர எடு கண்ணு. ரிங்கு இல்ல, வாய் பொளந்தது."

எடுத்துக் கொடுப்பேன்.

"இது பன்னெண்டு."

"பதிமூணுன்னு போட்டிருக்குதுங்கப்பா."

"எழுதுனவன் தப்பா எழுதியிருப்பான்."

சிறிது நேரம் மல்லுக்கட்டுகிற சத்தம் கேட்கும். பிறகு அதே ஸ்பேனரால் நட்டைக் கழற்றிவிடுவார். அதைப் பற்றி மேற்கொண்டு பேச்சே இருக்காது.

அப்பா பெயர் காளியப்பன். சொந்த ஊர் ராமாபுரம். இங்கே மைசூரில், மேட்டகள்ளியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பேரிங், பெல்ட், வாஷர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவர். எதையும் மாட்டியவர் அல்ல. "எடுத்துக் குடுக்கறதே பாதி படிப்பு" என்பார். மீதிப் பாதியை வீட்டில் படித்தார். அவர் பிரித்துப் பூட்டிய மிக்ஸி ஓடியது, ஒரு திருகாணி மிஞ்சியது. "கம்பெனிக்காரன் ஒண்ணு சேத்திப் போட்டிருப்பான்" என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பீரோவில் அவர் சட்டைகள் எதை எடுத்து உதறினாலும் ஏதாவது ஒன்று கீழே விழும்.

கார் முப்பது வருடம் பழையது. பெட்டி போன்ற உடம்பு, ஒரு காலத்தில் டாக்ஸியாக ஓடிய வகை. வாங்கும்போதே இரண்டு கை மாறியிருந்தது. பழுது பார்க்க, ஷெட்டில் முன்பக்கம் தூக்கி இரண்டு கருங்கற்களின் மேல் நின்றது. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியைக் கழற்றி இறக்கியிருந்தார். அதன் போல்ட்டுகள் இட்லித் தட்டின் குழிகளில் இருந்தன. குழிக்கு இத்தனை என்று வரிசை பிசகாமல் வைத்திருந்தார். ஓட்டைத் தட்டு ஒன்று கொல்லையில் கிடந்தும், நல்ல தட்டைத்தான் எடுத்து வந்திருந்தார். அம்மா இருந்திருந்தால் அன்றே தெருவே கேட்டிருக்கும்.

அம்மா மாசியில் போனாள்.

சிவராத்திரிக்கு இருவரும் ராமாபுரத்தில் நாச்சம்மாள் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். மறுநாள் காலையில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்று பெரியம்மா சொன்னாள். "அவன் வந்து சேர்றதுக்குள்ள நான் மைசூரே போயிருவனுங்" என்று அப்பா காரை எடுத்தார். கொள்ளேகால் தாண்டியதும் எஞ்சினில் கடகட சத்தம். பழைய எஞ்சினில் வால்வு தட்டுகிற டேப்பட் சத்தம் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினார். நரசிபுரம் வருவதற்குள் சத்தம் பெரிதாகி, வண்டி இழுக்காமல் நின்றது. வாழைத்தார் ஏற்றிப்போன டெம்போ ஒன்றை மறித்து ஏறினார்கள். நரசிபுரம் பாலத்தில் அம்மாவின் கை கனத்தது என்று சொல்கிறார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அம்மாவின் இதயத்தைப் பற்றிக் கேட்டார்கள். முன்பே வலி இருந்ததா, மாத்திரை சாப்பிட்டாளா என்று. அப்பா காரைப் பற்றிப் பதில் சொன்னார். "ஆயில் பம்ப் போயிருச்சுங். செவப்பு லைட்டு எரிஞ்சிருக்கோணும். எரியல. பல்பு எப்பவோ போயிடுச்சு." அடுத்து வந்தவரிடமும் அதே நான்கு வாக்கியங்கள். எவரும் பல்பைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை.

நான் மெக்கானிக்கல் படித்தவள். ஓசூரில் கம்ப்ரசர்களோடு வேலை. சனிக்கிழமைகளில் இங்கே வந்துவிடுகிறேன். பழுது புரியாத ஒன்று அல்ல. பம்பைச் சுழற்றும் தண்டு சாக்பீஸ் போல முறிந்திருந்தது. எண்ணெய் மேலே ஏறவில்லை. பேரிங் ஓடுகள் காய்ந்து தேய்ந்து கோடு விழுந்திருந்தன. எண்ணெய் அழுத்தம் விழுந்த கணத்தில் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். அப்போதே நிறுத்தியிருந்தால், அந்த வழியாகப் போன முதல் பஸ்ஸிலோ டெம்போவிலோ ஏறியிருக்கலாம். எவ்வளவு நேரம் மிச்சமாகியிருக்கும், அது போதுமாக இருந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. டாக்டரும் சொல்லவில்லை.

அந்த விளக்கு இருக்கும் இடத்தில் அம்மாவின் பொட்டு இருக்கிறது.

மைசூரில் ஆயுத பூஜை என்றால் தெருவில் சைக்கிள்கூட மாலையில்லாமல் நிற்காது. அம்மா ஒரு படி மேல். கிரைண்டர், கேஸ் ரெகுலேட்டர், என் வெர்னியர் காலிப்பர், மோட்டார் சுவிட்சு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் இட்டு மேலே குங்குமம் வைப்பாள். காரில் பானட்டுக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, ஸ்பீடாமீட்டர் கண்ணாடியில் ஒன்று. அந்தக் கண்ணாடியில் சின்ன வட்டமாக ஓர் இடம் உண்டு. பொட்டுக்கென்றே விட்டதுபோல இருக்கும். வருடா வருடம் அதே இடம். பழசைத் துடைக்க விடமாட்டாள். "பூசைல வெச்சதத் தொடைக்கறதாங்க? நீங்க ஓட்டறதுக்கு அதுதானுங்க காவல்" என்பாள். சந்தனம் அடுக்கடுக்காய் ஏறி எனாமல் போல இறுகிவிட்டது. கடைசி அடுக்கு போன தசராவில் வைத்தது.

பல்பு கெட்டிருந்தது என்றால், பொட்டு வெறும் பொட்டு. பல்பு நன்றாக இருந்தது என்றால், அன்று அது எரிந்திருக்கும், அம்மா வைத்த பொட்டுக்குப் பின்னால், அம்மாவின் கண் எதிரே.

அதைச் சோதிக்க ஒரு துண்டு வயர் போதும். முதல் சனிக்கிழமை நான் டேஷ்போர்டுக்கு அடியில் கை விட்டேன். காரின் அடியிலிருந்து சத்தம் வந்தது. "அங்க என்ன அம்மணி வேல? பழுது கீழ இருக்குது." கையை எடுத்துக்கொண்டேன்.

மெக்கானிக்கிடம் விட அவர் சம்மதிக்கவில்லை. மெக்கானிக் முதலில் கேட்கக்கூடிய கேள்வி அவருக்குத் தெரியும்.

பம்ப் மண்டி மொஹல்லாவில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. பல்சக்கரங்களின் இடைவெளியை அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. அப்பா அதைப் பெட்ரோலில் கழுவினார். மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூனால் எண்ணெய் ஊற்றினார். தண்டைக் கையால் திருகினார், மறுபடி ஊற்றினார். உலர்ந்த பம்ப் எண்ணெயை இழுக்காது. முதலில் அதன் உள்ளே எண்ணெய் நிறைந்திருக்க வேண்டும். மறுவாயில் எண்ணெய் கொப்பளித்து வழிந்ததும் புறங்கையால் அதன் வாயைத் துடைத்துவிட்டார். கடைசி நாட்களில் அவர் வேறு யாருக்கும் ஸ்பூனால் ஊட்ட வேண்டிவரவில்லை. அம்மா அவ்வளவு நேரம் கொடுக்கவில்லை.

பேரிங் ஓடுகளை மாற்றினோம். பம்பைப் பூட்டினார். தொட்டியை ஏற்றினார். இட்லித் தட்டில் எல்லாக் குழிகளும் காலியாயின. ஒரு போல்ட்கூட மிஞ்சவில்லை. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று மதியம் பக்கத்து வீட்டு பசவராஜ் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். அப்பாவோடு அதே தொழிற்சாலையில் இருந்தவர்.

"ஏனு சார், ஆய்த்தா? வேல முடிஞ்சுதா? இல்ல, கேட்ல கேரேஜ் போர்டு மாட்டிடட்டுமா?"

"மாட்டுங்க, மாட்டுங்க. மொத வண்டி உங்க ஸ்கூட்டருதான். அது போடற சத்தத்துல தெரு நாய் பூரா ஊர மாத்திக்கிட்டுப் போயிருச்சு."

"நாய் போச்சு, நீங்க போகலியே சார்."

இருவரும் சிரித்தார்கள். அம்மா போனபின் அப்பா சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. பசவராஜ் சட்டைப் பையிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"தகோள்ளி. ஆயில் லைட்டுக்கு பல்பு. ஹொஸது, புதுசு. பல்பு போயி தானே சார் அன்னிக்கு அத்தன கஷ்டம்? சொன்னீங்கல்ல. ஒரு பல்பு, சார். ஒரு சின்ன பல்பு இருந்திருந்தா அக்கா..." நிறுத்திக்கொண்டார். "நானே போட்டுக் குடுக்கறேன். ரெண்டு நிமிஷ வேல."

அவர் கார் கதவைத் திறந்தார். அப்பா இவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை.

"இருக்கட்டுங் பசவராஜ். நானே மாத்திக்கறனுங். நீங்க போயிச் சாப்பிடுங்."

பசவராஜ் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் போய்விட்டார்.

அப்பா டிரைவர் சீட்டில் பக்கவாட்டில் படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். நெடுநேரம் துழாவினார். பழைய பல்பு வெளியே வந்தது. அதைப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புதியதை மாட்டினார். எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினார்.

பொட்டைச் சுற்றி, சந்தனம் கண்ணாடியை விட்டு விலகிய ஓரத்தில், மயிரிழை அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. ஷெட்டின் நிழலில் தெரிந்தது. நெடுஞ்சாலை வெயிலில் தெரிந்திருக்காது.

"கெளப்பட்டுமா?" என்றார்.

"கெளப்புங்கப்பா."

எஞ்சின் இருமியது, நின்றது, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது. சிவப்பு இழை கொஞ்சம் தயங்கி, அணைந்தது. எண்ணெய் ஏறிவிட்டது. கடகட சத்தம் இல்லை. தன் வாழ்நாளில் அவர் முதல் தடவையாக எதையும் மிச்சம் வைக்காமல் பூட்டிய வேலை, சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. சாவியைத் திருப்பி நிறுத்தினார்.

இறங்கி வந்து ஷெட்டுக்கு வெளியே நின்றார். பையிலிருந்து பழைய பல்பை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். நான் நின்ற இடத்திலிருந்தே பல்பின் உள்ளே இருந்த கம்பி இழை தெரிந்தது. அறுபடாமல் இருந்தது. அப்பா பல்பைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினார். அறுந்திருந்தால் உள்ளே சன்னமாகக் கிணுகிணுக்கும். ஆட்டிவிட்டுக் காத்திருந்தார். மறுபடியும் ஆட்டினார்.

"பல்பு பியூஸ்தான் அம்மணி" என்றார், என்னைப் பார்க்காமல்.

பல்பைச் சோதிக்கக்கூடிய மீட்டர் என் பெட்டியில் இருந்தது. "ஆமாங்கப்பா" என்றேன்.

அப்பா குனிந்து பல்பைச் சிமெண்டுத் தரையில் வைத்தார். எண்ணெய் துடைத்த துணியை நாலாக மடித்து அதன்மேல் போட்டார். செருப்பைக் கழற்றினார். வெறும் குதிகாலை அதன்மேல் வைத்து, காரைப் பிடித்துக்கொண்டு, போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது செய்வதுபோல, உடம்பின் பாரம் முழுவதையும் மெதுவாக இறக்கினார்.